கண்ணாடிக்குள் இருந்த அம்மாவுக்குப் புரியாத சொல்

1

ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் எல்லோரும் இப்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஏம்புள்ள மல்லிகா, கண்ணுல என்னமோ பெட்டியக் கட்டிக்கிட்டுப் பாடம் நடத்தறீங்களாமா?" முன்பெல்லாம் கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சி பார்த்தாயா என்று கேட்பார்கள். ஒரே ஒரு தடவை படகில் போய்ப் பார்த்ததை வைத்துக்கொண்டு ஐந்து வருஷம் கதை விட்டேன். இந்தக் கேள்விக்கு அப்படி ஒப்பேற்ற முடியவில்லை. ஆமாம் என்று சொன்னால் பெருமை அடித்துக்கொள்வது மாதிரி இருக்கிறது. நடந்ததைச் சொல்லப் போனால் எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். நாங்கள் இங்கே மலேசியாவுக்கு வந்து இந்த வாரத்தோடு ஆறு வருஷம் ஆகிறது. கணக்குப் பார்க்க இதுவும் ஒரு சாக்கு.

நான் நர்ஸிங் ஆசிரியை. நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள். கணவருக்கு ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து, கோலா சிலாங்கூரில் வீடு பிடித்தோம். எனக்கு, ஊருக்கு உள்ளே, பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் வேலை. காலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்துதான் வகுப்புக்குப் போகிறேன்.

போன வருஷம் அங்கே புதிய ஆய்வுக்கூடம் திறந்தார்கள். முதலில் வந்தது போன் விளையாட்டு மாதிரி ஒன்று. போனைக் கைக்கு நேரே பிடித்தால் திரையில் நம் கை தெரியும், அதன்மேல் ரத்தக் குழாய் எல்லாம் பச்சைப் பச்சையாக ஓடும். அதற்குப் பெயர் ஏ.ஆர். அதைப் பிள்ளைகள் இரண்டே நாளில் பழகிவிட்டார்கள். அடுத்து வந்ததுதான் அந்தப் பெட்டி, வி.ஆர். கண்ணாடி. அதைக் கண்ணில் மாட்டிக்கொண்டால் வகுப்பறை காணாமல் போய், ஆஸ்பத்திரி வார்டுக்குள் நிற்போம். எதிரே கட்டிலில் கைலி கட்டி, கொண்டை போட்டு, அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். மாணவி அவரிடம் பெயரைக் கேட்டு, வெறும் வயிற்றில் வந்திருக்கிறாரா என்று விசாரித்து, கையில் ரப்பர் பட்டை கட்டி, ரத்தம் எடுக்க வேண்டும். நாம் பேசினால் அந்த அம்மா பதில் சொல்வார். பிள்ளைகள் அவரைக் கண்ணாடி அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கண்ணாடி அம்மாவின் குரல் என்னுடையது.

இருபது பேர் ஒரே நேரத்தில் பெட்டியை மாட்டிக்கொண்டு காற்றில் துழாவுவதைப் பார்த்து, தாழ்வாரம் கூட்ட வரும் அம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டுச் சிரிப்பார். முதல் நாள் ஒரு பெண் தலை சுற்றி வாந்தி எடுத்தாள். கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் லிம் என்ற சீனப் பையன், சாயங்காலம் பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து ஒரு தாளில் வரிசையாக ஒட்டிக் கொண்டுவந்து, "மேடம், இது யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று ஆங்கிலத்தில் கவலையோடு கேட்டான்.

2

இந்த ஊரில் மொழி என்னை முதல் வாரத்திலேயே கவிழ்த்தது. கடையில் ஒரு பெட்டியின்மேல் 'சுசு' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, என்ன கண்றாவி இது, இதையா விற்கிறார்கள் என்று முகத்தைச் சுளித்தேன். மலாயில் அதற்குப் பால் என்று அர்த்தமாம். என் மகள் இனியா அப்போது ஐந்து வயதுப் பிள்ளை. இன்று வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

குடிநுழைவு அலுவலகத்தில் இன்னொரு கூத்து. படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். எனக்கேது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து நான் மேடம் பொன்னுசாமி. சம்பளச் சீட்டு, கதவுப் பலகை, நூலக அட்டை எல்லாவற்றிலும் பொன்னுசாமிதான். அப்பா இருந்திருந்தால் மலேசியாவில் தனக்கு உத்தியோகம் கிடைத்ததாக ஊரெல்லாம் சொல்லியிருப்பார்.

ஆனால் தமிழில் எனக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. கண்ணாடி அம்மாவுக்கு வசனம் எழுதச் சொன்னபோது துள்ளிக் குதித்து ஒப்புக்கொண்டேன். மலாய், சீனம், தமிழ் என்று மூன்று மொழியிலும் நோயாளி வருவார். தேர்வில் எந்த மொழி வேண்டும் என்பதை மாணவியே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தமிழுக்கு நான் பொறுப்பு. கோலாலம்பூரில் ஒரு சின்ன அறையில் இரண்டு நாள் உட்கார்ந்து, "எனக்குப் பயமா இருக்குங்க", "மெதுவா குத்துங்க" என்று பேசிக் கொடுத்தேன். பேசி முடித்ததும் மென்பொருள்காரர்கள் ஒரு பட்டியல் கேட்டார்கள். மாணவி ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்கலாமே, எதையெல்லாம் சரி என்று எடுத்துக்கொள்வது?

வெறும் வயிறா என்ற கேள்விக்கு எட்டு விதம் எழுதினேன். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டாச்சா, ஏதாவது சாப்பிட்டீங்களா, காலையில சாப்பிட்டீங்களா, வெறும் வயித்துல வந்திருக்கீங்களா... எட்டாவதாக, ரொம்பச் சாமர்த்தியமாக, டிபன் ஆச்சா என்றும் சேர்த்தேன். இங்கே டிபன் என்றால் அடுக்குத் தூக்குச் சட்டி. அதுகூட அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

3

தேர்வு நாளில் தமிழ்ப் பிள்ளைகள் ஆறு பேரில் ஐந்து பேர் மலாய் நோயாளியைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். லோகேஸ்வரி ஒருத்திதான் தமிழ் எடுத்தாள். உள்ளே இருக்கும் ஒரு தோட்டத்திலிருந்து மோட்டோ ஓட்டிக்கொண்டு வருகிற பெண். அப்பா செம்பனை லோரி ஓட்டுகிறார், அம்மா தோட்டத்தில் வேலை. வகுப்பில் அதிகம் பேசமாட்டாள், ஆனால் பொம்மைக் கையில் ஊசி குத்தச் சொன்னால் ஒரே குத்தில் ரத்தக் குழாயைப் பிடித்துவிடுவாள். அவள் தமிழ் எடுத்ததில் எனக்குப் பெருமை.

அரை மணி நேரத்தில் முடிவு வந்தது. பத்தொன்பது பேர் தேர்ச்சி. லோகேஸ்வரி மட்டும் காகால். காகால் என்றால் தோல்வி. காரணமும் இருந்தது: வெறும் வயிறா என்று கேட்கவில்லை. இது கட்டாயப் படி. இதை விட்டால் மற்றதில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாலும் தோல்விதான்.

பதற்றத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஒவ்வொருவருடைய முடிவுத் தாளிலும் கடைசி வரியில் மேற்பார்வையாளர் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் இருபது தாளிலும் 'தியாடா', அதாவது ஏதுமில்லை என்று எழுதி, இருபது கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஒருவருடைய பதிவையும் போட்டுப் பார்க்கவில்லை. இயந்திரம்தான் பார்த்துவிட்டதே!

4

மறுநாள் லோகேஸ்வரி என் அறைக் கதவருகே வந்து நின்றாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் என்னை மேடம் என்பார்கள். அவளுக்குப் பள்ளிக்கூடப் பழக்கம், டீச்சர்தான்.

"டீச்சர், நான் கேட்டேன்."

"என்ன கேட்டே?"

"வெறும் வயிறான்னு கேக்கலன்னு போட்டிருக்கு. நான் கேட்டேன் டீச்சர். மூணு தடவ கேட்டேன். அவங்கதான் புரியல புரியலன்னுட்டாங்க."

பொய் சொல்கிற பெண் இல்லை. பதிவைப் போட்டேன். திரையில் அவள் கண்ணால் பார்த்தது எல்லாம் தெரிந்தது. வார்டு, கட்டில், கொண்டை போட்ட அம்மா. லோகேஸ்வரி நன்றாகக் குனிந்து, அத்தனை மரியாதையாக, "அம்மா, பசியாறிட்டீங்களா?" என்று கேட்கிறாள்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியலையே" என்றது என் குரல்.

"காலையில பசியாறிட்டீங்களாம்மா?"

"நீங்க சொல்றது எனக்குப் புரியலையே."

"பசியாறிட்டு வந்தீங்களா, பசியாறாம வந்தீங்களா?"

"நீங்க சொல்றது எனக்குப் புரியலையே."

என் குரல் அவ்வளவு வெடுக்கென்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அறையில் ஏர்கான் ஓடியும் காது சூடாகிவிட்டது. இருந்தாலும் ஆசிரியை இல்லையா, விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"ஏம்மா, சாப்பிட்டீங்களான்னு நேராக் கேக்க வேண்டியதுதானே? அதே அர்த்தம்தானே?"

லோகேஸ்வரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கேலியாகப் பார்க்கவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பார்த்தாள்.

"அதே அர்த்தம் இல்ல டீச்சர். சாப்பிட்டீங்களான்னு கேட்டா, சாப்புடலன்னுதான் சொல்லுவாங்க. காலையில யாரு டீச்சர் சாப்புடுவா?"

"சாப்பிடாம?"

"பசியாறுவாங்க. தோசை, ரொட்டி சானாய், மீ. அது பசியாற. சாப்பாடுன்னா சோறு லா டீச்சர்."

பசியாறு என்ற சொல் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆறு வருஷமாகக் காதில் விழுகிறது. வீட்டில் இனியா தினமும் "பசியாற என்ன மம்மி?" என்றுதான் எழுந்து வருவாள். சாப்பிடுவதைத்தான் இவர்கள் கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகைத் தமிழ் என்று உள்ளுக்குள் சிரித்தும் இருக்கிறேன். சாப்பிடு என்ற சொல்லுக்கு இங்கே காலையில் வேலையே இல்லை என்பது எனக்கு எட்டவே இல்லை.

"எங்க அம்மாவுக்கு இதேதான் டீச்சர் நடந்துச்சு" என்றாள் லோகேஸ்வரி. "கிளினிக்ல சுகர் பாக்கப் போனாங்க. அங்க ஒரு நர்ஸ் மிஸ்ஸி, சாப்பிட்டியாம்மான்னு கேட்டிருக்காங்க. இல்லன்னுட்டாங்க. நாலு தோசை பசியாறிட்டுத்தான் போனாங்க! சுகர் ஏறிக் காட்டிருச்சு. மருந்தக் கூட்டிட்டாங்க. மறு வாரம் தோட்டத்துல சுகர் இறங்கி, வேர்த்து ஊத்தி, கை காலெல்லாம் நடுங்கி, அப்பாவோட லோரிப் படியிலயே உக்காந்துட்டாங்க. அதான் டீச்சர், நான் எப்பவும் பசியாறிட்டீங்களான்னுதான் கேப்பேன்."

பிறகு அவள் சொல்ல வந்ததைச் சொன்னாள். இந்தத் தேர்வில் தேறினால்தான் தஞ்சோங் காராங்கில் ஆஸ்பத்திரி வார்டுப் பயிற்சிக்குப் போகலாம். தேறாவிட்டால் அடுத்த அணியோடுதான், அதற்கு அரை வருஷம் ஆகும்.

"அரை வருஷம் சும்மா இருந்தா அப்பா ராவாங்ல கையுறை ஃபேக்டரியில சேத்து விட்டுருவாரு டீச்சர். பேசி வச்சிட்டாரு. அங்க போனவங்க யாரும் திரும்பிப் படிக்க வந்ததில்ல."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

5

நம்புவதா வேண்டாமா என்று இரண்டு நாள் உழன்றேன். ஒரு பெண் சொல்வதை வைத்துக்கொண்டு மொத்தப் பாடத்தையும் தப்பு என்று சொல்ல முடியுமா? சனிக்கிழமை காலை கோலா சிலாங்கூர் பாசாருக்குப் போனேன். நான் வழக்கமாகக் கீரை வாங்கும் அக்கா, கட்டுகளை அடுக்கி வைத்துவிட்டு, ஒரு கையில் தோசைப் பொட்டலமும் ஒரு கையில் கோப்பியுமாக உட்கார்ந்திருந்தார். வாய் நிறையத் தோசை.

"அக்கா, சாப்பிட்டீங்களா?" என்றேன்.

"இன்னும் இல்லம்மா" என்றார், மென்றுகொண்டே. "பன்னெண்டு மணி ஆவும்."

எனக்குத் தலையே சுற்றிவிட்டது. நடு பாசாரில் நின்று சிரித்தேன். அக்கா தன் முந்தானையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து இனியாவிடம் சொன்னால், அவள் போனிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "மம்மி, எல்லாருக்கும் தெரியும் லா. நீங்க பேசுறது டிவி தமிழ்."

"டிவி தமிழா? நாமக்கல் தமிழடி அது. உன் தமிழும் அதுதான்."

"என்னோடது இல்ல" என்றாள். சண்டையாகச் சொல்லவில்லை. இந்தச் செருப்பு என்னுடையது இல்லை என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். கோபம் வந்தது. எழுந்து போய்ப் பாத்திரம் துலக்கினேன்.

துலக்கிக்கொண்டிருக்கும்போதுதான் அது ஞாபகம் வந்தது. நான் படிக்கிற காலத்தில் சாத்துக்குடிப் பழத்தில் ஊசி குத்திப் பழகுவோம், பிறகு நேராக அரசு ஆஸ்பத்திரி வார்டு. என் முதல் நோயாளி ஒரு விவசாயி. சாப்பிட்டீங்களாங்க என்று கேட்டேன். "இன்னும் சாப்பிடலீங்க" என்றார். ஊசியைக் கையில் எடுத்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் குரல் கொடுத்தார்: "அம்மணி, அவுரு இப்பத்தான் டீயும் ரெண்டு பன்னும் தின்னாரு." விவசாயிக்கு ரோஷம் வந்துவிட்டது. "பன்னு சாப்பாடுங்களா?"

அப்படியென்றால் எனக்கு இது முன்பே தெரியும்! எங்கள் ஊர்க்காரரும் அதையேதான் சொன்னார். வார்டில் நிற்கும்போது தெரிந்தது, ஏர்கான் அறையில் உட்கார்ந்து எட்டு வாக்கியம் எழுதும்போது மறந்துவிட்டது. இது இவர்கள் தமிழ், அது எங்கள் தமிழ் என்று இத்தனை நாள் நான் பிரித்து வைத்திருந்ததெல்லாம் சரிதானா என்று ஒரே குழப்பம். என் தவறு ஊர் மாறியதால் வந்ததா, நோயாளியின் கட்டிலை விட்டுத் தள்ளி வந்ததால் வந்ததா? யோசித்து யோசித்து ஒரே பாத்திரத்தை மூன்று முறை துலக்கியிருக்கிறேன்.

6

எங்கள் துறைத்தலைவர் புவான் ஹஸ்னா என்ற மலாய்க்கார அம்மையார். மலாயில் புவான் என்றால் திருமதி. திங்கட்கிழமை அவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். என் மலாய் நொண்டும், அவர் ஆங்கிலமும் கொஞ்சம் நொண்டும், இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு எப்படியோ போய்ச் சேரும். அவர் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

கேட்டதும் அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "எங்கள் அம்மாவும் இப்படித்தான்! நாலு பலகாரம், ஒரு குவளைத் தேத்தண்ணி உள்ளே போயிருக்கும். சாப்பிட்டாயா அம்மா என்றால், இல்லை, குடிக்க மட்டும்தான் செய்தேன் என்பார். எங்களுக்குச் சோறு உள்ளே போனால்தான் சாப்பிட்டது. மலாய்ப் பகுதிக்கு நான்தான் எழுதினேன், இரண்டையும் சேர்த்திருக்கிறேன்."

மலாய் நோயாளிக்குத் தெரிந்திருக்கிறது. தமிழ் நோயாளிக்குத் தெரியவில்லை. அங்கேயே குறுகிப்போனேன்.

"அப்படியென்றால் லோகேஸ்வரியின் முடிவை மாற்றிவிடலாமா?" என்றேன்.

சிரிப்பு நின்றது. தாளை எடுத்துக் காட்டினார். மேற்பார்வையாளர் குறிப்பு: தியாடா. கீழே என் கையெழுத்து.

"நீங்களே ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது மேலிடம் வரைக்கும் போய்விட்டது. தர ஆய்வுக்காரர்கள் வந்தால், இயந்திரம் ஒன்று சொல்கிறது, ஆசிரியர் ஏதுமில்லை என்கிறார், பிறகு எப்படி மாறியது என்று கேட்பார்கள்."

"சொல்லையாவது பட்டியலில் சேர்க்கச் சொல்லலாமே?"

லிம்மைக் கூப்பிட்டுக் கேட்டார். அடுத்த பதிப்பில்தான் முடியும், இரண்டு மாதம் ஆகும் என்றான். இருப்பது ஒரே வழி. மறுதேர்வு, ஒரு முறை மட்டும், வியாழக்கிழமை. அதே கண்ணாடி, அதே பட்டியல்.

"அந்தப் பெண்ணிடம் உங்கள் சொல்லைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு நிமிஷ வேலை" என்றார் புவான் ஹஸ்னா. நல்ல மனசோடுதான் சொன்னார்.

நானும் லோகேஸ்வரியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "பரீட்சைக்கு மட்டும் சாப்பிட்டீங்களான்னு கேளு. வார்டுக்குப் போன பிறகு உன் இஷ்டப்படி கேட்டுக்கோ." சொல்லும்போதே வாய் கசந்தது. சரியாகக் கேட்டவளைக் கூப்பிட்டுத் தப்பாகக் கேள் என்று சொல்லிக் கொடுக்கிறேன். இதற்குத்தானா கடல் கடந்து வந்தேன் என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

"சரி டீச்சர்" என்றாள். "சுசா இல்ல. கேட்டுருவேன்." சுசா என்றால் கஷ்டம்.

7

வியாழக்கிழமை ஆய்வுக்கூடத்தில் அவளும் நானும் லிம்மும் மட்டும்தான். எட்டு நிமிஷத் தேர்வு. மேற்பார்வையாளர் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. லோகேஸ்வரி பெட்டியை மாட்டிக்கொண்டாள். அவள் பார்ப்பதெல்லாம் என் முன்னால் இருந்த திரையில் தெரிந்தது.

வணக்கம் சொன்னாள். பெயர் கேட்டாள். கையில் இருந்த பெயர்ச் சீட்டைச் சரிபார்த்தாள். பிறகு ஒரு கணம் நின்று, மூச்சை இழுத்துவிட்டு, அச்சு அசல் என்னைப் போலவே, "காலையில ஏதாவது சாப்பிட்டீங்களாங்க?" என்றாள். அந்த 'ங்க'கூட என்னுடையதுதான்.

"இல்லைங்க, சாப்பிடலை" என்றார் கண்ணாடி அம்மா. பச்சைக் குறி விழுந்தது. அப்பாடா! கட்டாயப் படி தாண்டியாயிற்று. இனி ரத்தம் எடுக்க வேண்டியதுதான். அது அவளுக்குத் தண்ணி பட்ட பாடு.

கையில் பட்டை கட்டினாள். குழாயைத் தடவிப் பார்த்தாள். ஊசியை எடுத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, பசியாறவும் இல்லையா?"

"நீங்க சொல்றது எனக்குப் புரியலையே."

ஐயோ, ஏன் இப்போது? நான் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டேன்.

"தோசை கீசை ஏதாச்சும்? கோப்பி?"

"நீங்க சொல்றது எனக்குப் புரியலையே."

மூன்றாவது முறையும் கேட்டாள். மூன்றாவது முறையும் என் குரல் அதையேதான் சொன்னது. எடுத்துவிடு, எடுத்துவிடு என்று சத்தம் இல்லாமல் வாயை அசைக்கிறேன். கண்ணாடி மாட்டியிருப்பவளுக்கு நான் எங்கே தெரியப் போகிறேன்! லோகேஸ்வரி ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தாள். கைப் பட்டையை அவிழ்த்தாள். "பரவால்லம்மா, நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, கட்டில் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நிமிஷங்கள் ஓடின. திரை சிவந்தது. ரத்தம் எடுக்கப்படவில்லை. காகால்.

பெட்டியைக் கழற்றினாள். நெற்றியைச் சுற்றி அச்சு விழுந்திருந்தது.

"என்ன பண்ணிட்டே லோகேஸ்? ஊசியப் போட்டிருந்தா முடிஞ்சிருக்குமே!" கத்திவிட்டேன்.

"தெரியும் டீச்சர். போடத்தான் கையில எடுத்தேன். அவங்க பதில் சொல்லல. சொல்லாம எப்படி எடுக்கறது?"

"அது பொம்மை லா!"

இந்த ஊர்க்காரர்கள் பேச்சுக்கு வாலாக ஒட்டுகிற அந்த லா என் வாயிலிருந்து வந்ததை நானே பிறகுதான் கவனித்தேன். லோகேஸ்வரி கவனிக்கவில்லை. இனி கையுறை ஃபேக்டரிதான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"பொம்மைன்னா ஏன் டீச்சர் கேக்கச் சொல்றீங்க?" என்றாள்.

லிம் தாளை அச்செடுத்து என் முன்னால் வைத்தான். தமிழ் தெரியாதவன், ஆனால் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டான். முடிவு: காகால். மேற்பார்வையாளர் குறிப்பு: காலிக் கட்டம். தாள் மேலிடம் போகும் முன்னால் முடிவைத் திருத்த முடிகிற இடம் அது ஒன்றுதான். அதில் நான் என்ன எழுதினாலும் அது என் பெயரில்தான் நிற்கும். ஆய்வுக்காரர்கள் கேட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். என் மலாயைப் பற்றிச் சொல்லிவிட்டேன். எழுத்துக்கூட்டி எழுதுவதற்கு ரொம்ப நேரம் பிடித்தது. காகாலின்மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் லூலுஸ், தேர்ச்சி என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில், 'நோயாளி பதில் சொல்லவில்லை. மாணவி ரத்தம் எடுக்காதது சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தாளை நானே புவான் ஹஸ்னாவிடம் கொண்டுபோனேன். லோகேஸ்வரியும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"எந்த நோயாளி பதில் சொல்லவில்லை?" என்றார்.

"சாயா" என்றேன். மலாயில் அதற்கு 'நான்' என்று அர்த்தம்.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்தார். மைப்பெட்டி காய்ந்திருந்ததால் இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது. தாளை என்னிடம் தராமல், வாசலைப் பார்த்து, "லோகேஸ்வரி, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வார்டில் இருக்க வேண்டும். நேரத்துக்குப் போ" என்றார்.